கஸ்பாரின் புதுப் படகும் இறங்காத அலையும்

வாடைத்துறை கஸ்பார் பர்னாந்து பழைய ஜெட் படகைக் கொடுத்துவிட்டுப் புதிய ஜெட் படகு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் முழுக்கப் பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, யார் கண்ணும் படாமல் முதல் ஓட்டம் ஓட்டிவிடலாம் என்று அதைத் தனியாகக் கழிக்குள் இறக்கி ஆசைதீர ஓட்டினார். பூசை முடிந்து ஊர்க்காரர்கள் வெளியே வந்தபோது படகு துறையில் கட்டிக் கிடந்தது, கஸ்பார் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், ஆனால் படகு கிளப்பிய அலை மட்டும் கீழே இறங்காமல், இடுப்பளவு உயரத்தில், போன வழியெல்லாம் இரண்டு பக்கமும் வரப்புக் கட்டியதுபோல், வளைந்தும் நெளிந்தும் சுற்றியும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். புது வண்டி என்றால் முதலில் ஏதாவது இருக்கத்தானே செய்யும், புதுச் செருப்பு கூடக் கடிக்கத்தானே செய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். படகை மந்திரிக்க வந்த சாமியார் அலைமீதும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். கஸ்பார் வாங்கி வைத்திருந்த கேக்கை வெட்டித் தின்றுவிட்டு அவரவர் வீட்டுக்குக் கறி வைக்கப் போனார்கள்.

வாடைத்துறைக் கழி என்பது ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் தயங்கி நிற்கிற அகலமான தண்ணீர். ஆழம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வளர்ந்த ஆளுக்கு மார்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் மணல்திட்டு, திட்டில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். அதைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், நடுவில் நாலு சுழற்றுச் சுழற்றி அலற வைத்து, திட்டில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் கஸ்பாரின் தொழில். ஜெட் படகுக்கு அடியில் விசிறி கிடையாது. வயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும், அந்த உதைப்பில் ஓடும். ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் போய்விடும். வேறு படகு எதுவும் அந்தக் கழியில் அந்த வேகத்தில் போக முடியாது.

துறையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் புதுசு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், கஸ்பாரும் சலிக்காமல் சொன்னார். பழையதில் பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் மல்லாந்து படுத்துக் கையை விட்டுப் பிடுங்க வேண்டும், இதில் ஒரு பொத்தானை அமுக்கினால் தானே கக்கிவிடுகிறது. பழையது போட்ட சத்தத்தில் தனக்குக் கத்திப் பேசியே பழகிப் போய்விட்டது, வீட்டில்கூட உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறார்கள், புதுசு குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னால் முனகுமே அந்த அளவுக்குத்தான் முனகுகிறது. அதில் ஒரு கஷ்டம், ஏறுகிற ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவது இப்போது காதில் விழுகிறது. சீட்டு மெத்தென்று இருக்கிறது. டம்ளர் வைக்கப் பள்ளம் இருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அலதான் கீழ இறங்க மாட்டேங்கு. முத சர்வீஸ் விட்டா சரியாயிரும்" என்பார்.

முதல் சர்வீசுக்கு மெக்கானிக் வந்தார். படகின் மூடியைத் திறந்து பார்த்தார், எண்ணெய் மாற்றினார், நின்றுகொண்டிருந்த அலையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"படகுல ஒரு குறையும் இல்ல சார். இது தண்ணியோட பிரச்சன. தண்ணிக்கு நாங்க வாரண்டி தரதில்ல" என்றார்.

கஸ்பாருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவருடைய மனைவி பிலோமினா மட்டும் புதுப் படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வீட்டில் இருந்தே பிளவுஸ் தைக்கிறவள். பழையதே நன்றாக ஓடும்போது புதுசு எதற்கு, அடுப்படிக் கூரை ஒழுகுகிறதே அதைப் பார்க்கக்கூடாதா என்று வாங்குவதற்கு முன்னால் ஒரு தரம் சொன்னாள். வாங்கிய பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேக் வெட்டுகிற இடத்துக்குக்கூட வரவில்லை. கஸ்பார் சாப்பிடும்போது படகின் பெருமையைச் சொன்னால் "ம்" என்பாள், அந்த "ம்" சோற்றுக்கா படகுக்கா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டத்துக்கு ஓட்டம் அலைகள் கூடின. கோவில்பட்டியிலிருந்து வந்த குடும்பத்தை ஏற்றிப்போன அன்று ஒரு நீள அலை, கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிச் சுழற்றிய அன்று நத்தை ஓடு மாதிரி ஒரு அலை, நடுவழியில் வாந்தி எடுத்த ஒரு பெரிய மனிதரை அவசரமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்த அன்று கொண்டை ஊசி மாதிரி ஒரு அலை. படகு குறுக்கே போனால் பழைய அலை கதவு போல் விலகி வழிவிட்டு, படகு தாண்டியதும் சேர்ந்துகொண்டது. தண்ணீரெல்லாம் எழுந்து நிற்க நிற்க, தரையில் கிடந்த தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மார்பளவு இருந்த இடம் முழங்காலளவு ஆயிற்று, முழங்காலளவு இருந்த இடம் கணுக்கால் நனைகிற அளவு ஆயிற்று. அலைகளுக்கு நடுவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள்.

முதலில் போனது டீக்கடை யேசுவடியான். கோடையில் கடையில் ஆள் உட்காருவதில்லை என்று, முதல் நாள் கஸ்பார் தனியாக ஓட்டியதில் சிக்குப் பிடித்துக் கிடந்த அலைகளுக்குள், நாலு பக்கமும் தண்ணீர்ச் சுவரும் நடுவில் ஒரு அறை அளவு இடமும் உள்ள ஒரு வளைவில் அடுப்பைக் கொண்டுபோய் வைத்தார். ஏசி போட்ட மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் அலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடித்தார்கள், சட்டை நனைவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கண்ணுக்கு நேராக மீன் போகும், ஆற அமரப் பார்த்து, கையை உள்ளே விட்டு எடுத்துக்கொள்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, காலையில் பையை எடுத்துக்கொண்டு காய்கறிக்குப் போவதுபோல் கழிக்குள் போய் வந்தார்கள். பெண்கள் நின்ற தண்ணீரில் முகம் பார்த்துத் தலை வாரினார்கள். உளுவை மீன் குறுக்கே போகும்போது மட்டும் வகிடு கோணிவிடும்.

அலைகளுக்குப் பெயர் வந்தது. பெயர் வந்ததும் தெரு ஆயிற்று. கோவில்பட்டி அலைத் தெரு, நத்தைத் தெரு, வாந்தி முக்கு. டீக்கடை இருந்த சிக்கலுக்குப் பூசை அலை என்று பெயர், பூசை நேரத்தில் எழுந்ததால். புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு ஜோடிகள் வீட்டில் இடம் போதவில்லை என்று நத்தைத் தெருவுக்குக் குடிபோயின. ஒருத்தர் அலையை இன்னொருத்தர் நகட்டி வைத்துவிட்டார் என்று தகராறு வந்தது. ஊராட்சித் தலைவர் செல்லக்கனி நேரில் வந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து பார்த்து, ஒவ்வொரு அலைக்கும் கதவு எண் கொடுத்துத் தகடு ஒட்டச் சொன்னார். தகடு தண்ணீரில் ஒட்டவில்லை, மிதந்துகொண்டு நின்றது, அது போதும் என்று விட்டுவிட்டார். இதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வண்டி பிடித்து வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் படகில் ஏறினார்கள், ஏறியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அலை எழுந்தது. ஒரு சாண் தண்ணீரில் புதுப் படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. வாழ்க்கையில் இவ்வளவு நல்ல காலம் கஸ்பாருக்கு வந்ததில்லை.

ஊரில் நஷ்டப்பட்டவர் ஒரே ஒருத்தர்தான், சில்வேரா. மணல்திட்டில் ஒற்றைக் கட்டையாக இருந்துகொண்டு கழியில் கூடு போட்டு நண்டு பிடிக்கிறவர். மீன்கள் அலைக்குள் ஏறிக்கொண்டன, நண்டுகள் ஏறவில்லை. பக்கவாட்டில் நடக்கிற பிராணிக்கு நட்டுக்க நிற்கிற தண்ணீர் ஒத்துவரவில்லை. அவை வரிசையாகக் கடலைப் பார்க்கப் போய்விட்டன. சில்வேராவின் தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது.

அவர் முறையிட வருவார் என்று ஊர் எதிர்பார்த்தது, வரவில்லை. வந்தால் கஸ்பாரிடம் பேச வேண்டுமே. அவர் கஸ்பாரோடு பேச்சை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சில்வேரா இளவட்டமாக இருந்தபோது அவருக்குப் பெண் கொடுக்க வந்த வீட்டார், பட்டும் நகையும் பூவுமாக, பலகாரத் தட்டோடு அவருடைய தோணியில் உட்கார்ந்து திட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பழைய படகில் கஸ்பார் பக்கத்தில் பாய்ந்து போனார். அலை அடித்து, பெண்ணின் தகப்பனார் உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்து, லட்டுகள் தண்ணீரில் மிதக்க, வந்தவர்கள் அப்படியே தோணியைத் திருப்பச் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, வேறு பேச்சும் அமையவில்லை. அன்றிலிருந்து கஸ்பார் ஓட்டுகிற ஒவ்வொரு ஓட்டத்தையும் சில்வேரா தன் வீட்டு வாசலில் நின்று ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்துத் திட்டுவார். வெயில் மழை பார்க்காமல் அதை ஒரு கடமையாகச் செய்துவந்தார்.

ஐப்பசியில் மலையில் மழை கொட்டியது. ஒரு நாள் மத்தியானம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, அணையைத் திறந்துவிட்டார்கள், நாளைச் சாயங்காலத்துக்குள் வெள்ளம் வாடைத்துறைக்கு வந்துவிடும், கரையோரத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழக்கமாக வெள்ளம் வந்தால் கழியில் விரிந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். இப்போது கழியில் இண்டு இடுக்கு இல்லாமல் அலைகள் நிற்கின்றன. வருகிற வெள்ளம் எங்கே போகும் என்று முதலில் கேட்டது செல்லக்கனிதான். எல்லாரையும் கோயில் மைதானத்தில் கூட்டினார்.

"முட்டி நிக்கிற வெள்ளம் ஊருக்குள்ளதான் ஏறும். ஒரு வீடு மிஞ்சாது. அலையெல்லாம் இறக்கியாகணும்" என்றார்.

யேசுவடியானுக்கு அதில் சம்மதம் இல்லை. "என்னத்துக்கு தலைவரம்மா இறக்கணும்? வெள்ளம் வரட்டும். கஸ்பார் அண்ணாச்சி அதுமேலயும் ஒரு ஓட்டு ஓட்டட்டும். அதுவும் எந்திச்சு நின்னுட்டுப் போவுது."

"எந்திச்சு நின்ன வெள்ளத்த எங்கவே வைக்கது?" என்று செல்லக்கனி கேட்டார்.

யேசுவடியான் யோசித்துப் பார்த்தார், வைக்க இடம் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அலைகளை இறக்கப் பார்த்தார்கள். துடுப்பால் அடித்தார்கள், துடுப்பு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. பலகையை வைத்து மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள், உட்கார்ந்தவர்கள் உள்ளே இறங்கினார்கள், அலை அப்படியே நின்றது. பக்கத்து ஊரிலிருந்து ஜேசிபி வரவழைத்தார்கள். அது ஒரு வாய் தண்ணீரை அள்ளியது, அலை அந்த இடத்தை மூடிக்கொண்டது, அள்ளிய தண்ணீரைக் கரையில் கொட்டினால் அங்கே ஒரு முக்காலி உயரத்துக்கு நின்றது. கடைசியில் ஜேசிபியும் சேற்றில் மாட்டிக்கொண்டது.

அதை இழுப்பதற்காகக் கஸ்பார் படகைக் கிளப்பி, கயிறு கட்டத் தோதாகப் பின்பக்கமாக வந்தார். ஜெட் படகில் ரிவர்ஸ் என்றால் பின்னால் ஒரு இரும்புக் கிண்ணம் இறங்கி, பீய்ச்சுகிற தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். பழைய படகில் அந்தக் கிண்ணம் துருப்பிடித்துக் கிடந்ததால், ரிவர்ஸ் எடுக்கிற பழக்கமே கஸ்பாருக்கு விட்டுப்போயிருந்தது. புதுப் படகில் அன்றுதான் முதல் தடவையாக எடுத்தார். படகு கடைசியாக வந்த வழியிலேயே பின்னால் நகர்ந்தது. நகர்ந்த அளவுக்கு, அந்த ஓட்டத்தில் எழுந்த அலை, தூக்கம் வந்த நாய் மாதிரி முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

கஸ்பார் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். இன்னும் கொஞ்சம் படுத்தது. ஸ்டியரிங்கை ஒரு கை அகலம் மாற்றிப் பார்த்தார், படுத்த அலை எழுந்துகொண்டது. பக்கத்தில் நின்ற பழைய அலையிலும் அப்படிப் பின்னால் போய்ப் பார்த்தார், அது அசையவில்லை. போன வழியிலேயே, போன மாதிரியே, கடைசி ஓட்டத்தில் தொடங்கி முதல் ஓட்டம் வரைக்கும் பின்னால் வந்தால் மட்டும்தான் இறங்கும் என்று எல்லாருக்கும் புரிந்தது.

"அப்ப சுலுவாப் போச்சு. போன வழிய ஞாபகம் வச்சுக்கிட்டு வாரும்" என்றார் செல்லக்கனி.

கஸ்பார் தலையைச் சொறிந்தார். ஏறுகிறவர்களைச் சந்தோஷப்படுத்த ஓட்டத்துக்கு ஒரு மாதிரி சுழற்றியிருந்தார். ஒன்றாவது நினைவில் இல்லை. அலைகளைப் பார்த்தே போகலாம் என்றால், ஒன்றின் குறுக்கே ஒன்று, அதன் குறுக்கே இன்னொன்று, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டால் எல்லாரும் ஆர்வமாகச் சொன்னார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலைகளை விலக்கிக்கொண்டு, திட்டிலிருந்து சில்வேரா நடந்து வந்தார். துறையில் யாரையும் பார்க்காமல் படகில் ஏறி, முன்பக்கத்தில் கிடந்த நங்கூரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கஸ்பாரின் பக்கம் திரும்பவே இல்லை.

"நங்கூரமே, அந்தாளக் கெளப்பச் சொல்லு. நேத்து ஜேசிபிக்கு முந்தி ஓட்டுனது ஒரு சிவப்புச் சட்டைக்காரனுக்கு. திட்டுல இறக்கிட்டு வடக்க ஒடிச்சான்" என்றார்.

கஸ்பார் நங்கூரத்தைப் பார்த்தார். சில்வேராவின் பிடரியைப் பார்த்தார். படகைக் கிளப்பினார்.

அன்று பகல் முழுக்க அவர்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். சில்வேராவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு ஆளை ஒழுங்காகத் திட்ட வேண்டுமென்றால் அவன் எங்கே திரும்புகிறான், எங்கே நிறுத்துகிறான் என்று பார்க்காமல் முடியாது, இத்தனை காலமும் அவர் ஒழுங்காகத்தான் திட்டியிருந்தார். "நங்கூரமே, இங்க ரெண்டு சுத்து. மூணாவது சுத்துக்குப் போயிட்டு பயந்துக்கிட்டு விட்டுட்டான்" என்பார். கஸ்பார் மூன்றாவது சுற்றுக்குப் போய்ப் பயந்துகொண்டு விடுவார், அலை படுக்கும். "இங்க அந்த குண்டுப் பொம்பள கிட்ட பேச்சு குடுத்துக்கிட்டு வழிய விட்டான், நங்கூரமே." கஸ்பார் யாரும் இல்லாத பின்சீட்டைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வழியை விடுவார். தெருத் தெருவாகப் படுத்துக்கொண்டு வந்தது. குடியிருந்த ஜோடிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கரையேறின. கதவு எண் தகடுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு மிதந்து போயின. வாந்தி முக்கு இறங்கியபோது கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது.

மத்தியானம் துறையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். சில்வேரா தன் பொட்டலத்தில் இருந்த முட்டையை எடுத்து நங்கூரத்தின் பக்கத்தில் வைத்து, "எனக்கு முட்ட ஆகாது, வேண்டியவங்க எடுத்துக்கிடலாம்" என்றார். கஸ்பார் எடுத்துக்கொண்டார்.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கழி முழுக்கப் பழையபடி மட்டமாகக் கிடந்தது. டீக்கடை இருந்த பூசை அலை ஒன்றுதான் பாக்கி. ஆனால் அது துறையிலிருந்து நீண்டு போய், நட்டநடுவில், முகத்துவாரத்துக்கு நேராக, கிணற்றுக் கயிறு சிக்கினதுபோல் சுற்றிச் சுற்றி நின்றது. மேற்கே ஆற்றில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது, அதன் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. யேசுவடியான் அடுப்பையும் பாலையும் தலையில் வைத்துக்கொண்டு, கடைசியாக உட்கார்ந்திருந்தவர் டம்ளரைக் காலி செய்யும்வரை நின்றுவிட்டு, கரையேறினார்.

கஸ்பார் சில்வேராவின் முதுகைப் பார்த்துக் காத்திருந்தார். சில்வேரா குனிந்து நங்கூரத்தைத் தட்டி, "நங்கூரமே, அன்னைக்கு நான் பூசையில முத வரிசையில இருந்தேன்" என்றார்.

ஊரே அன்றைக்குப் பூசையில் இருந்தது. கஸ்பாருக்கோ அந்த ஓட்டத்தில் சந்தோஷம் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது, வழி ஞாபகம் இல்லை. ஒரு பக்கமாகப் போய்ப் பார்த்தார், அலை அசையவில்லை. இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தார், அசையவில்லை, துறைக்கே திரும்பி வந்தார். கரையில் ஆட்கள் மாட்டையும் கட்டிலையும் மேட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். செல்லக்கனி தொண்டை கட்டுகிற அளவுக்கு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது துறையின் படியில் பிலோமினா இறங்கி வந்தாள். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவள், அளவு டேப் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை எடுத்துப் படகில் வைத்துப் பார்த்து, ஏறினாள். கஸ்பாருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மெத்துனுதான் இருக்கு" என்றாள்.

"இப்ப எதுக்கு வந்த? வெள்ளம் வருது, மேட்டுக்குப் போ."

"கடேசில துறைக்குள்ள வரும்போது வலது பக்கமா வந்தீங்க. பின்னால எடுங்க."

கஸ்பார் அவளைப் பார்த்தார். "அன்னைக்கு நீ பூசைக்குப் போகலையா?"

"தலவலி."

"தலவலின்னா படுத்துல்ல கெடக்கணும்."

"மாடியில வத்தல் காயப் போட்டிருந்தேன். காக்கா வந்துச்சு. நின்னேன். பேசிக்கிட்டே இருந்தா வெள்ளம் நிக்காது, எடுங்க."

கஸ்பார் எடுத்தார். துறைக்குள் வந்த அலை படுத்தது. சில்வேரா நங்கூரத்தின்மேல் கையை வைத்தபடி, தன் வாழ்க்கையில் பார்க்கத் தவறிப்போன அந்த ஒரே ஓட்டத்தை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இங்க நாலு சுத்து" என்றாள் பிலோமினா. "ஒரே எடத்துல. எனக்கே தல சுத்துச்சு. இப்ப நேராப் போய் நிறுத்துங்க. இங்க எந்திச்சு நின்னு சீட்டத் தடவிப் பாத்தீங்க."

கஸ்பார் எழுந்து நின்று சீட்டைத் தடவினார். அலை படுத்தது.

"இங்க பாட்டு."

"என்ன பாட்டு?"

"மாடிக்குக் கேக்கல. வாய் மட்டும் அசஞ்சுது."

கஸ்பார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். என்ன பாட்டு என்று அவருக்கும் தெரியவில்லை, ஆனால் அலை ஏற்றுக்கொண்டது. பாதிச் சிக்கு அவிழ்ந்திருந்தது. ஆற்றின் சத்தம் ஊருக்கு மேற்கே இருக்கிற பாலத்தைத் தாண்டிவிட்டது. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், இங்கே கொக்கைத் துரத்தினீங்க, இங்கே டம்ளர் வைக்கிற பள்ளத்தில் டம்ளரை வச்சு வச்சு எடுத்தீங்க, இங்கே ரெண்டு கையையும் விட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டீங்க, எனக்கு உசிரு போயிட்டு வந்தது. ஒவ்வொன்றையும் கஸ்பார் திரும்பச் செய்தார், கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அவள் இருந்தாள், அன்றைக்குத் திறந்தபோது இல்லாத ஆள்.

எல்லாம் அவிழ்ந்து, துறைக்கு எதிரில், படகு முதன்முதலாகக் கிளம்பிய இடத்தில் ஒரு பாய் நீளத்துக்கு ஒரே ஒரு அலை பாக்கி நின்றது. சின்னதுதான், ஆனால் வெள்ளம் முட்டுவதற்கு அது போதும். செந்நிறத் தண்ணீர் கழியின் மேற்குக் கரையில் ஏறிவிட்டது, வாழைத்தாரும் கிளைகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அதில் உருண்டுகொண்டு வந்தன.

"இங்க என்ன செஞ்சேன்?"

பிலோமினா டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள். "நம்ம வீட்டப் பாத்துக் கைய ஆட்டுனீங்க."

"நீ மாடியில நின்னது எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சு ஆட்டல. வீட்டுல யாரும் இல்லன்னு நெனச்சுதான் ஆட்டுனீங்க. ஆள் இருந்தா நீங்க ஆட்டுவீங்களா?"

கஸ்பார் வீட்டைப் பார்த்தார். மொட்டைமாடியில் கொடி காலியாகக் கிடந்தது. கையை உயர்த்தி, வெறும் மாடியைப் பார்த்து ஆட்டினார்.

அலை படுக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டிப் பார்த்தார். இடது கையாக இருக்குமோ என்று இடது கையையும் ஆட்டிப் பார்த்தார். அலை விறைத்துக்கொண்டே நின்றது. வெள்ளத்தின் நாற்றம் மூக்குக்கு வந்துவிட்டது. படகு லேசாக ஆடியது.

"எதையோ விட்டுட்ட, பிலோமி. நல்லா யோசி."

அவளுடைய முகம் சிவந்திருந்ததைச் சில்வேரா பார்த்துவிட்டார்.

"நங்கூரமே, நீயும் நானும் செத்த நேரம் அந்தப் பக்கம் பாப்போம்" என்று சொல்லி, நங்கூரத்தைக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்து, தானும் திரும்பி உட்கார்ந்தார்.

"நானும் ஆட்டுனேன்" என்றாள் பிலோமினா.

கஸ்பார் திரும்பவும் வீட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிலோமினா சீட்டிலிருந்து பாதி எழுந்து, அன்றைக்குக் காலை வெயிலில் மாடியில் நின்றவள் செய்ததுபோலவே, யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று கையைத் தோளுக்கு மேலே தூக்காமல், விரல்களை மட்டும் அவரை நோக்கி அசைத்தாள்.

கடைசி அலை முன்னங்காலை மடக்கியது, தலையைச் சாய்த்தது, தண்ணீரோடு தண்ணீராகப் படுத்தது. வெள்ளம் அதன்மேல் வந்து, படகை மூன்று பேரோடும் நங்கூரத்தோடும் ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அடியால் நழுவிக் கடலுக்குப் போயிற்று.